முப்பிடாதி செய்த போன்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் இணையப் பாதுகாப்புப் பயிற்சி மையம் இருந்தது. வேலை தேடுகிறவர்களுக்கு ஆறு மாத வகுப்பு. பேராசிரியர் தாஹிரா அதை நடத்திவந்தார். அவரிடம் மாணவராகச் சேர்ந்தவர் ஜெபசிங். ஆசிரியரைவிட மூன்று வயது மூத்தவர். பத்து வருடம் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்தவர், மையத்தின் அலுவல்களையும் பார்த்துக்கொண்டார்.

கடைசி மாதத்தில் பயிற்சி பெறுகிறவர்களை ஊரிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்குள்ள கணினிகளைக் கண்காணிக்க வேண்டும். நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை.

அந்த முறை முப்பிடாதி போனார். முப்பத்துநான்கு வயதுப் பெண். ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவர். வகுப்பில் அவர்தான் முதல்.

புதன்கிழமை காலை மையத்தில் போன் அடித்தது. ஜெபசிங் எடுத்தார்.

“சார், முப்பிடாதி பேசுதேன். திருத்தின டியூட்டி பட்டியல்னு ஒரு மெயில் வந்துச்சு. தொறந்துட்டேன். அது பட்டியல் இல்ல சார். உள்ள என்னமோ ஓடுது.”

“நீங்களா? நீங்களே போய்த் தொறக்கலாமா?”

“தொறந்துட்டேன் சார். கேபிளைப் பிடுங்கிட்டேன். ரெண்டு நிமிஷம் ஆகுது.”

எல்லாக் கணினிகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்று மணி நேரம் புறநோயாளிச் சீட்டைக் கையால் எழுதினார்கள். வரிசை வாசலைத் தாண்டி வெயிலுக்குப் போய்விட்டது.

மதியம் மருத்துவமனை நிர்வாகி பேசினார். “காவலுக்கு நீங்க அனுப்புன ஆளே இப்படிப் பண்ணினா எப்படி? அந்தம்மா இனிமே வர வேண்டாம்.”

ஜெபசிங்குக்கும் அது சரியென்றே பட்டது. முப்பிடாதியைப் பயிற்சியிலிருந்து நீக்கும் கடிதத்தைத் தட்டச்சு செய்து தாஹிராவிடம் கொண்டுபோனார்.

“மேடம், ஒரு கேள்வி. தானே ஏமாந்த ஒருத்தர் மத்தவங்களை எப்படிக் காப்பாத்த முடியும்?”

தாஹிரா கடிதத்தைப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை.

“அந்த மெயில் வேற யாருக்கெல்லாம் போயிருக்கு?”

“பார்க்கல மேடம்.”

“பார்த்துட்டு வாங்க.”

ஜெபசிங் உட்கார்ந்து தேடினார். திரும்பி வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. முகம் மாறியிருந்தது.

“ஒன்பது பேருக்கு வந்திருக்கு. நாலு பேர் தொறந்திருக்காங்க. முப்பிடாதி நாலாவது ஆள்.”

“மத்த மூணு பேர்?”

“திங்கட்கிழமையே தொறந்துட்டாங்க.”

“யார்கிட்ட சொன்னாங்க?”

ஜெபசிங் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு நாளா அது உள்ளயே பரவிட்டு இருந்திருக்கு. அதை அனுப்பினவங்க சனிக்கிழமைன்னு தேதி குறிச்சிருக்காங்க மேடம். முப்பிடாதி கூப்பிடலன்னா அன்னிக்கு அத்தனை நோயாளிங்க பதிவும் பூட்டிப்போயிருக்கும். ஐசியூ உட்பட.”

“அந்த மூணு பேரோட பேரு உங்களோட இருக்கட்டும்” என்றார் தாஹிரா. பிறகு நிர்வாகியை போனில் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார். கடைசியாக, “நாளைக்கு முப்பிடாதி வருவாங்க. உங்க ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்க” என்றார்.

மறுநாள் மருத்துவமனை உணவுக்கூடத்தில் நாற்பது பேர் கூடினார்கள். ஜெபசிங் முப்பிடாதியிடம் பன்னிரண்டு பக்கப் பாடம் கொடுத்திருந்தார். முப்பிடாதி அதைப் பிரிக்கவில்லை. மைக்கை வாங்கினார்.

“நேத்து உங்க எல்லாரையும் கையால சீட்டு எழுத வெச்சது நான்தான். அந்த மெயிலைத் தொறந்தேன்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இதைக் கண்டுபிடிக்கதுக்குன்னே படிச்சவ நான். நேத்து காலைல மகளுக்குக் காய்ச்சல். டியூட்டி மாறுமான்னு ஒரே நெனப்பு. பட்டியல்னு பார்த்ததும் கை போயிருச்சு.”

பின்வரிசையில் ஒரு நர்ஸ் எழுந்தார். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்தவர்.

“நானும் தொறந்தேன் தாயி. திங்கக்கிழமை. வேலை போயிருமோன்னு வாயைத் தொறக்கல.”

ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொருவர் எழுந்தார். மூன்றாவது ஆள் எழவில்லை. வகுப்பு முடிந்தபின், கை கழுவும் இடத்தில் முப்பிடாதியின் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னார். முப்பிடாதி அவர் தோளைத் தொட்டார்.

வகுப்பை முடிக்கும் முன்பே முப்பிடாதி மையத்தின் எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தார்.

“இப்படி ஆனா உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. யாரும் ஏச மாட்டாங்க.”

சொல்லிவிட்டு ஜெபசிங்கைப் பார்த்தார்.

ஜெபசிங்குக்குத் தன் குரல் காதில் கேட்டது. நீங்களே போய்த் தொறக்கலாமா? தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் தெரியும்படி தலையசைத்தார்.

நிர்வாகி கதவோரம் நின்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் முப்பிடாதிக்கு வேலைக்கான உத்தரவு வந்தது.

ஒரு மாதம் போயிற்று. ஜெபசிங் தாஹிராவின் அறைக்கு வந்தார். கவலையாக இருந்தார்.

“மேடம், போன மாசம் அந்த ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தது ஒரே ஒரு போன். இந்த மாசம் பதினொண்ணு. தப்பான மெயிலைத் தொறந்துட்டேன், பாஸ்வேர்டைக் கொடுத்துட்டேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நம்ம வகுப்பால தப்பு கூடியிருக்கு. எங்கயோ சரியாச் சொல்லிக்கொடுக்கல.”

தாஹிரா நிமிர்ந்து பார்த்தார்.

“போன மாசமும் பதினொண்ணு இருந்திருக்கும், ஜெபசிங். நமக்குத் தெரிஞ்சது ஒண்ணு.”