வாய் திறவாத ஆட்காட்டி

நாவல் மரங்கள் சூழ்ந்த காட்டுக் குளம் ஒன்றின் கரையில் சரளைக்கல் மேடு ஒன்று இருந்தது. அந்த மேட்டை எந்த விலங்கும் மிதிப்பதில்லை. கல்லோடு கல்லாய்க் கிடக்கும் தன் முட்டைகளைச் செம்மூக்கி என்னும் ஆட்காட்டிக் குருவி அங்கே அடைகாத்து வந்தது. அதற்கு ஈடாக, நீரில் முதலையின் தலை தெரிந்தால் குருவி கத்த வேண்டும். இதுதான் குளத்தின் கட்டுப்பாடு.

ஒரு நாள் முதலை வந்தது. குருவி கத்தவில்லை. நீர் அருந்திக்கொண்டிருந்த மான்குட்டி மடிந்தது.

மறுநாள் காலை குளக்கரையில் வழக்கு நடந்தது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மாதங்கி என்னும் முதிய பெண் யானையுடையது. செம்மூக்கிக்கு மேடு நிலைக்குமா, பறிபோகுமா என்று அறியக் காடே கூடியிருந்தது.

"நீ என்ன செய்தாய்?" என்று கேட்டது மாதங்கி.

"நான் ஒன்றுமே செய்யவில்லை, பெரியம்மா."

"அதைத்தான் கேட்கிறேன். ஏன் செய்யவில்லை?"

"குட்டியைக் கடித்தது நானா? என் அலகைப் பாருங்கள். இதைக் கொண்டு ஒரு புழுவைக் கொத்துவதே பெரும்பாடு. முதலையை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டீர்களே!"

"முதலையை நேற்றே வாலைப் பற்றி இழுத்துக் குன்றுக்கு அப்பால் எறிந்துவிட்டேன். அதன் வழக்கு முடிந்தது. இன்று உன் வழக்கு."

மாதங்கிக்குத் தலை வலித்தது. விடிந்ததிலிருந்து இதே பல்லவி. காதுகளை விசிறிக்கொண்டு அது மீண்டும் கேட்டது.

"முதலையை நீ பார்த்தாயா, இல்லையா?"

"பார்த்தேன். நாவல் வேரடியிலிருந்து நீந்தி வந்தது. இடப்பக்கம் திரும்பியது. பிறகு மூழ்கியது."

"இவ்வளவும் பார்த்த பிறகு ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய்?"

செம்மூக்கி கழுத்தை நிமிர்த்தியது. "போன வாரம் மான்கள் என்ன பேசின தெரியுமா? இந்தக் குருவிக்கு ஓயாத கூச்சல், இலை விழுந்தாலும் கத்துகிறது என்றன. எனக்கும் மானம் உண்டு. ஒரு நாள் கத்தாமல் இருந்தால் என் அருமை தெரியும் என்று இருந்துவிட்டேன்."

"தெரிந்துவிட்டது" என்றது கூட்டத்தில் நின்ற தாய்மான்.

குருவி தடுமாறியது. பிறகு மேலே நாவல் கிளையை நோக்கி அலகை நீட்டியது. "அதோ, காகமும்தான் பார்த்தது. அதை ஏன் விசாரிக்கவில்லை?"

"பார்த்தேன், பெரியம்மா" என்றது காகம், சிறகைக் கோதியபடி. "வழியில் போகிற பறவை நான். எனக்கென்ன என்று இருந்துவிட்டேன்."

"நீ வெட்கப்பட வேண்டும். அதற்குமேல் உன்னைக் கேட்க எனக்கு உரிமையில்லை" என்ற மாதங்கி, குருவியின் பக்கம் திரும்பியது. "காகத்தை நம்பி இங்கே எவரும் தலை குனிந்து நீர் குடிப்பதில்லை, செம்மூக்கி. மேட்டில் நீ இருக்கிறாய் என்று நம்பித்தான் தாய்மான் குட்டியை நீரருகே விட்டது. நீ காவலை ஏற்காதிருந்தால் அதுவே காவல் நின்றிருக்கும். இதை ஐந்தாவது முறையாகச் சொல்கிறேன். இப்போதாவது உன் தலைக்குள் நுழைகிறதா?"

குருவி தலையைத் தாழ்த்தியது. மாதங்கி தீர்ப்பைச் சொன்னது.

"மேடு இனி உனக்கில்லை. முட்டைகள் பொரியும்வரை மட்டும் அங்கே இரு. அவை ஒரு பிழையும் செய்யவில்லை. குஞ்சுகள் நடக்கத் தொடங்கியதும் குளத்தைவிட்டுப் போய்விடு."

கூட்டம் கலைந்தது. கண்ணீர் வழியை மறைக்க, தாய்மான் தள்ளாடி நடந்தது. அதன் கால்கள் நேரே சரளை மேட்டை நோக்கிச் சென்றன. செம்மூக்கி வாயைத் திறந்தது. குரல் எழவில்லை. இன்னும் ஓரடி வைத்தால் முட்டைகள் நொறுங்கிவிடும்.

மேட்டின் விளிம்பில் மான் நின்றது. முட்டைகளைப் பார்த்தது. பிறகு மேட்டைச் சுற்றிக்கொண்டு தன் வழியே போயிற்று.

"இந்தத் துயரத்திலும் மான் தன் கட்டுப்பாட்டைக் காத்தது. இதைத்தானே காலையிலிருந்து தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்" என்று முணுமுணுத்தது யானை.

காக்கும் பொறுப்பை ஏற்றவர் காக்க வேண்டிய நேரத்தில் வாளாவிருந்தால், அந்த வாளாவிருத்தலே குற்றமாகும்.