மழிக்காத பின்னல்

மங்களேஸ்வரி மூளை நோய்ப் பேராசிரியை. அவரிடம் படிக்க வந்த சிற்றரசு அவரைவிட இரண்டு வயது மூத்தவர். பல வருடம் சொந்த கிளினிக் நடத்தியவர். சட்டென்று முடிவெடுக்கிற பழக்கமும் கூடவே வந்திருந்தது.

அன்று காலை வார்டில், தலை மழிப்பவர் கத்தியோடு காத்திருந்தார். கட்டிலில் தமயந்தி, பனியன் கம்பெனியில் தைக்கிறவள். மூளையில் காசநோய்க் கட்டிகள் என்று சொல்லி மாத்திரை தொடங்கி மூன்று மாதம். தலைவலியும் வலிப்பும் நின்றிருந்தன. நேற்று இரண்டும் திரும்பிவிட்டன.

அவள் பின்னலை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"முடிதானம்மா, வளர்ந்திரும்" என்றார் சிற்றரசு.

அதைக் கேட்டபடியே மங்களேஸ்வரி உள்ளே வந்ததும் சிற்றரசு ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"கட்டி பெரிசாயிருக்கு மேடம். மருந்து கேக்கல. இது புற்றுநோயா இருக்கலாம். இன்னைக்கே திறந்து எடுத்துடணும்."

"எந்த இடம்?"

"இடது பக்கம். பேச்சுக்கான இடத்தை ஒட்டி."

"பேச்சு போயிடுமே."

"உயிர் போறதுக்கு அது தேவலை மேடம்."

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மங்களேஸ்வரி படத்தை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கட்டிலருகே போய்த் தமயந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆபரேஷன் தியேட்டர்ல கூப்பிடறாங்க" என்றார் நர்ஸ்.

"காய்ச்சல் இருக்கா சிற்றரசு?"

"இல்ல."

"நுரையீரல்?"

"அங்க இருந்த காசநோய் முக்கால்வாசி ஆறிடுச்சு."

"அதே மாத்திரைதான?"

"அதேதான்... அப்ப மருந்து கேக்குது" என்றார் சிற்றரசு.

மங்களேஸ்வரி குனிந்தார். "போன தடவை முகம் உருண்டையா இருந்துச்சே. எப்பம்மா வத்துச்சு?"

தமயந்தி கணவனைப் பார்த்தாள். குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லிப்போடு புள்ள" என்றான்.

"நாத்தனா கல்யாணமுங்க. மூஞ்சி பன்னாட்டம் உப்பிக் கெடந்துச்சுங்க. போட்டோவுல அசிங்கமாத் தெரியுமுன்னு அந்தச் சின்ன வெள்ளை மாத்திரைய மட்டும் நிறுத்திப்போட்டனுங்க. மத்ததெல்லாம் ஒண்ணு விடாம முழுங்கறனுங்க."

வீக்கத்தை அடக்கும் மாத்திரை அது. கிருமி சாகும்போதும் கட்டியைச் சுற்றி வீங்கும். அதைத் தணிக்கத்தான் அந்த மாத்திரை. முகம் உப்புவது அதன் பக்கவிளைவு. எழுதிக்கொடுத்ததே சிற்றரசுதான். நேற்றிலிருந்து அவர் இவள் முகத்தைப் பார்க்காமல் தலைக்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மேடம். ஆனா புற்றாவே இருந்துட்டா?"

"இருக்கலாம். நினைவு தெளிவா இருக்கு, அவகாசம் இருக்கு. வீக்கத்துக்கு ஊசி போடுங்க, பக்கத்துலயே இருங்க. கண்ணு சொருகினா உடனே திறப்போம். தியேட்டரைத் தள்ளித்தான் போடறோம், வேண்டாங்கல."

சிற்றரசு வீட்டுக்குப் போகவில்லை. அவள் அயர்ந்து கண்ணை மூடும்போதெல்லாம் தட்டி எழுப்பிப் பேர் கேட்டார். "எத்தனை வாட்டி கேப்பீங்க, தமயந்திதானுங்க!" என்று கடைசியில் அவள் எரிந்து விழுந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தலைவலி மெல்ல விட்டது. மருந்தைத் தொடர்ந்தார்கள். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன.

அன்று அவள் உருண்டை முகத்தோடு வந்திருந்தாள். பின்னல் இடுப்பில் ஆடியது. வரிசையில் முன்னால் புகுந்தவரோடு மல்லுக்கு நின்றாள். அந்தச் சத்தம் அறைக்குள் வரை கேட்டது.

சிற்றரசு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மேடம், அன்னைக்கே நான் திறந்திருந்தா?"

மங்களேஸ்வரி வெளியே கேட்ட தமயந்தியின் குரலுக்குக் காது கொடுத்தார்.

"இந்நேரம் முடி வளர்ந்திருக்கும்" என்றார்.