விதைநெல்லைச் சாப்பிட்ட அரண்மனை

காதைக் கொடுங்கள், சொல்கிறேன். உங்கள் பாட்டனாரின் பாட்டனார் பிறப்பதற்கும் முன்னால் மருதவேள் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் ஆள்கிறவனுக்கு அது மட்டும் போதுமா?

ஆண்டுதோறும் அரண்மனை வியாபாரிகளிடம் நெல் வாங்கி, உழவர்களுக்கு விதைக்கக் கொடுக்கும். வியாபாரிகள் எருதுகளின் மேல் மூட்டை ஏற்றி வருவார்கள். வழியில் மூன்று சுங்கச்சாவடிகள். முதல் சாவடியில் மூட்டைக்கு ஒரு மரக்கால் நெல் வரி. இரண்டாம் சாவடியில் ஒரு மரக்கால். மூன்றாம் சாவடியிலும் ஒரு மரக்கால். அந்த வரிநெல் நேராக அரண்மனைச் சமையலறைக்குப் போகும். மிச்ச நெல்லைக் கொள்முதல் அதிகாரி கண்டன் வாங்குவான். யார் குறைந்த விலை சொன்னாலும் அவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுவான். அதில் அவனுக்கு ஏகப் பெருமை.

அந்த விதைநெல் கீழ்மருதூருக்குப் போனது. முதல் ஆண்டு விதைத்தார்கள், முளைக்கவில்லை. இரண்டாம் ஆண்டும் விதைத்தார்கள், அப்போதும் முளைக்கவில்லை. ஊர்க்காரர்கள் சோம்பேறிகள், மூன்றாம் ஆண்டும் விளையாவிட்டால் நிலத்தைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்று கண்டன் அரசனிடம் சொன்னான். அரசனும் தலையாட்டிவிட்டான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கீழ்மருதூரில் வெண்ணி என்றோர் உழவச்சி இருந்தாள். நிலம் போனால் நாற்பது குடும்பமும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும். நியாயம் கேட்கத் தலைநகருக்கு நடந்தே வந்தாள்.

முறையிட வந்தவர்களுக்கு அரண்மனையில் முதலில் சாப்பாடு போடுவார்கள். அவள் இலையில் முத்து முத்தாகச் சோறு விழுந்தது. அத்தனை பசியிலும் அவள் கை அப்படியே நின்றது. இது எந்த நெல் என்று கேட்டாள். சாவடியில் வாங்கும் வரிநெல் என்றார் சமையல்காரர். அதில் ஒரு பிடி கேட்டு வாங்கி முடிந்துகொண்டு சபைக்குப் போனாள்.

“ராசா, எங்களைச் சோம்பேறின்னு சொன்னாங்க. மூணு நாள் பொறுங்க. நீங்க சாப்பிடுற நெல்லையும் எங்களுக்குக் கொடுக்குற நெல்லையும் உங்க முன்னாலயே முளைக்க வைப்போம்” என்றாள்.

சமையலறை நெல்லில் நூறு, விதைக் கிடங்கு நெல்லில் நூறு எண்ணி, இரண்டு ஈரத்துணிகளில் கட்டி வைத்தார்கள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் சமையலறை நெல் வெள்ளையாக மூக்கை நீட்டியது. மூன்றாம் நாள் அவிழ்த்தால், அதில் முளைக்காத மணியே இல்லை. விதைக் கிடங்கு நெல்லிலோ முளைத்தது மூன்றே மூன்று.

ஒரே மூட்டையில் வந்த நெல் எப்படி இரண்டாயிற்று என்று அரசன் திகைத்தான்.

ஒரு வியாபாரி அன்றுதான் தலைநகரை நோக்கி வந்துகொண்டிருந்தான். சாவடிகளுக்கு வருமுன்பே அவன் மூட்டையைப் பிடித்துவரச் சொல்லி, வெண்ணி அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மூட்டையின் வாய்ப்பக்கம் மூன்று மரக்கால் மட்டும் நல்ல நெல். அடியில் முழுக்கப் பதரும் புழுத்த நெல்லும். சாவடிக்காரர்கள் மேலாக அள்ளுவார்கள் என்று தெரிந்தே கட்டிய மூட்டை அது.

“நான் விலையைத்தான் பார்த்தேன், அரசே. மூட்டைக்குள் பார்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை” என்றான் கண்டன்.

அரசனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாட்டின் விதையைத் தானே தின்றிருக்கிறான் அல்லவா? அப்போதே உத்தரவு போட்டான். சாவடிகளில் சேர்ந்திருந்த நெல் முழுவதும் கீழ்மருதூருக்குப் போனது. விதைக் கிடங்கு நெல் சமையலறைக்கு வந்தது. அடுத்த அறுவடை வரை அரசன் அந்தப் புழுத்த நாற்றச் சோற்றைத்தான் சாப்பிட்டான். பக்கத்தில் கண்டனுக்கும் ஓர் இலை போட்டார்கள், மூன்று வேளையும்.

மூன்று சாவடி ஒன்றாயிற்று. அங்கே மூட்டையைக் கொட்டிக் கலந்த பிறகுதான் வரி அளந்தார்கள். முளைத்துக் காட்டிய நெல்லை மட்டுமே அரண்மனை வாங்கியது. இரண்டு சாவடி வரி மிச்சமானதால் நேர்மையான வியாபாரிகளாலும் குறைந்த விலை சொல்ல முடிந்தது.

தை மாதம் கீழ்மருதூரில் கதிர் சாய்ந்து வரப்பே தெரியவில்லை. அரசன் செருப்பைக் கழற்றிவிட்டு வெண்ணியின் வயலில் இறங்கினான்.

“இந்த நிலம் உங்களுடையது. இனி யாரும் இதைத் தொட முடியாது” என்று ஊரறியச் சொன்னான். நாற்பது குடும்பமும் குலவை போட்ட சத்தம் மூன்று ஊருக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்களுக்கு நான் சொல்லும் நீதி இதுதான்: ஊருக்கென்று வாங்கும் பொருளை ஆள்பவர்கள் முதலில் தங்கள் இலையில் போட்டுப் பார்க்க வேண்டும்.