பாய்மடிப்பில் ஒரு பணியாரம்

உப்பளங்கள் சூழ்ந்த ஓர் ஊரில் வடிவு என்றொரு சிறுமி இருந்தாள். தாயில்லாத அவளை ஒருநாள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டி, "இதோ வந்துடுதேன்" என்று போன தகப்பன் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தபோது பிள்ளை உயிரோடிருந்தாள். என்றோ பாய்மடிப்பில் ஒளித்து வைத்த ஒரு காய்ந்த பணியாரத்தைக் கிள்ளிக் கிள்ளித் தின்று, குடத்துத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்திருந்தாள்.

அன்று தொட்டு, கிடைக்கும் உணவில் கொஞ்சத்தைப் பதுக்காமல் அவள் உறங்குவதில்லை.

அவளை வளர்க்க இருவர் முன்வந்தனர். ஒருவர் வசதியுள்ள தாய்மாமன் சண்முகக்கனி. மற்றவள் உப்பளக் கூலியான, பிள்ளையில்லாத சொர்ணம். ஊர்த்தலைவர் சபையில் அறிவித்தார்: "ஆளுக்குப் பதினஞ்சு நாள் வச்சிருங்க. எந்த வீட்டுல இந்தப் புள்ள சோத்த ஒளிக்கிறத விடுதோ, அதுதான் அவ வீடு." வடிவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமன் வீட்டில் அத்தை வேளைதோறும் அவள் பாவாடை மடியை உதறிப் பார்த்தாள். "எங்க வீட்டுல சோத்துக்கா பஞ்சம்? ஊரு சிரிக்கவா, ஏட்டி?" ஒளித்தது அகப்பட்டால் அடுத்த வேளை சோறில்லை. நான்கே நாளில் பழக்கம் நின்றது. அடுக்களைக் கதவைச் சாத்தும்போதெல்லாம் வடிவு எழுந்துபோய் அதன் முன்னே நின்றாள். போகச் சொல்லும்வரை நின்றாள்.

சொர்ணம் வீட்டில் முதல் நாளே தலைமாட்டுப் பாய்மடிப்பில் பணியாரம் ஒளிந்தது. சொர்ணம் அதைக் கண்டும் ஒன்றும் கேட்கவில்லை. நாள்தோறும் உப்பளத்துக்குப் புறப்படுமுன் காய்ந்ததை எடுத்துவிட்டு, புதிதாய்ச் சுட்டதை அதே இடத்தில் வைத்தாள். ஆறாம் நாள் வடிவு மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள்; முதல் நாள் ஒளித்தது இன்னும் மெத்தென்று இருந்தது. எடுக்காமல் பாயை அப்படியே மடித்து வைத்தாள். பதினான்காம் நாள் மழையில் உப்பெல்லாம் கரைந்துபோக, சொர்ணம் பசியோடு திரும்பி வந்து சுருண்டு உட்கார்ந்தாள். வடிவு மடிப்பைத் துழாவி, இருந்த ஒரே பணியாரத்தை நீட்டினாள்.

"தின்னுங்க பெரியம்மா. காலையில வேற இருக்கும்."

சபை கூடியது.

"எங்க வீட்டுல அறவே விட்டுட்டா, ஐயா" என்றார் மாமன்.

"உன் வீட்டுல?" என்று தலைவர் சொர்ணத்தின் பக்கம் திரும்பினார்.

சொர்ணம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் வைக்கா, ஐயா."

தலைவர் சொன்ன சொல் மாறாதவர். பிள்ளையை மாமனிடம் ஒப்படைத்தார். வடிவு அழவில்லை. தன் மடியைத் தானே உதறிக் காட்டிவிட்டு மாமன் பின்னே நடந்தாள்.

சோதனையில் வென்ற மாமன், உண்மை சொல்லிப் பிள்ளையை இழந்த சொர்ணம், வாக்கைக் காத்த தலைவர். அன்பரே, இம்மூவருள் பெரும்பிழை செய்தவர் யார்?

விடை: தலைவரே. மடிப்பில் பணியாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டவர், அது யாருக்குப் போயிற்று என்று விசாரிக்கவில்லை. நாளைக்கும் உண்டு என்று நம்பிய பிள்ளைதான் கையிலிருப்பதைக் கொடுக்கும். பெரியோரே, அறியாமல் கொடுத்த வாக்கை ஒரு குழந்தையின் தலையில் சுமத்திக் காக்காதீர்கள். அதன் வாயையும் ஒருமுறை திறக்க விடுங்கள். அந்தத் தீர்ப்பு இன்றும் மாறவில்லை. சொர்ணம் நாள்தோறும் பாய்மடிப்பில் ஒரு புதுப் பணியாரம் வைத்துவிட்டே உப்பளத்துக்குப் போகிறாள். மாலையில் வந்து, காய்ந்ததை எடுக்கிறாள்.