கண்டவனும் பிடித்தவனும்

அந்தக் காலத்தில் நண்டுக்கும் பறவைக்கும் ஒரே பேச்சு. கழிமுகத்துச் சேற்றில் எந்த வளைக்கும் கதவு கிடையாது. கடல் ஏறும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே புகுந்து, கொடுக்கு முளைக்காத குஞ்சுகளை வாரிக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் உள்ளான் பறவை ஒரு சங்கதியைக் கண்டது. ஆளில்லாத வளை ஒன்றின் வாயில் சேற்றுக்கட்டி உருண்டு விழுந்து அடைத்திருந்தது. கடல் ஏறி இறங்கிய பிறகு கட்டியைக் கொத்தித் தள்ளிப் பார்த்தால், உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. நண்டிடம் ஓடியது.

“அண்ணே, எனக்கு மூக்குதான் இருக்கு. கொடுக்கு உன்கிட்டதானே இருக்கு?”

நண்டு ஒரு கட்டியைப் பிடித்து இழுத்து வாசலை மூடியது. அன்று ஒரு குஞ்சும் போகவில்லை.

சேறே கொண்டாடியது. பாதிப் பேர் உள்ளானைக் ‘கண்டவன்’ என்றார்கள். பாதிப் பேர் நண்டைப் ‘பிடித்தவன்’ என்றார்கள். அங்கேதான் வினை. ஒருவன் பட்டம் காதில் விழும்போதெல்லாம் மற்றவனுக்கு வயிறு எரிந்தது.

“கண்டவனெல்லாம் பெரிய ஆளாயிட்டான்” என்றது நண்டு, நாலு பேர் கேட்க.

“நீ என்னத்தைப் பிடிச்சவன்? பைத்தியம் பிடிச்சவன்!” என்றது உள்ளான்.

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பட்டமும் அன்றே வசவாகிப் போயின. பேச்சும் நின்றது.

பௌர்ணமி மதியம். நண்டும் பெண்டாட்டியும் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தார்கள். குஞ்சுகள் வளைக்குள் இருக்க, கதவு திறந்து கிடந்தது. அப்போதெல்லாம் நண்டின் கண்கள் ஓட்டுக்குள் புதைந்திருக்கும். காலடியைத் தாண்டி எதுவும் தெரியாது. மேட்டில் நின்ற உள்ளான், கடல் ஏறி வருவதைக் கண்டது. எப்போதும் அதுதான் குரல் கொடுக்கும். ‘பிடிச்சவன்தானே, பிடிக்கட்டும்’ என்று அலகை மூடிக்கொண்டது.

தண்ணீர் வடிந்தபோது வளை காலியாக இருந்தது.

உள்ளான் மெல்ல வந்தது. “அண்ணே... கண்டேன். சொல்லல.”

நண்டு, குஞ்சுகள் போன திசையை எட்டி எட்டிப் பார்த்தது. பார்த்த பார்வையில் கண்கள் இரண்டும் ஓட்டைவிட்டு வெளியே வந்து நின்றுவிட்டன.

பெண் நண்டுதான் வாய் திறந்தாள். “இனிமே எவனையும் தனியா கண்டவன்னும் சொல்லாதீங்க, பிடிச்சவன்னும் சொல்லாதீங்க. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லுங்க. நடுவுல விட்ட இடத்துலதான் என் பிள்ளைங்க போச்சு.”

அன்று முதல்தான், புதிதாக ஒன்றைச் செய்தவரைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று சேர்த்துச் சொல்கிறோம். நண்டு தன் கண்ணைத் தானே தூக்கிக்கொண்டு நடக்கிறது. உள்ளான் இன்னும் வளை வளையாக அலகை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறது.