காற்று வரும் வழி

இளவழுதிக்கு மறுநாள் சொல்லாய்வு அவையில் பேச்சு. அவை ஏற்றால் அங்கே ஓர் இருக்கை. ஏற்காவிட்டால் ஊருக்குத் திரும்பி அண்ணனின் அரிசிக் கடையில் உட்கார வேண்டியதுதான்.

கட்டுரையை எடுத்துக்கொண்டு ஆசிரியை சொக்கம்மையிடம் போனார்.

"ஸ்பானிஷ்ல ஜன்னலுக்கு வென்தானான்னு பேரும்மா. அது நம்ம வெந்தணல்தான்னு நிரூபிச்சிட்டேன்."

"ஜன்னலுக்கும் தணலுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதை விளக்கத்தான் பாதிக் கட்டுரை போச்சு."

எந்தச் சொல்லைக் கண்டாலும் நம் வீட்டுப் பிள்ளை என்று தூக்கிக்கொள்ளும் ஆசை அந்த அவைக்காரர்கள் பலருக்கும் உண்டு. சொக்கம்மை எழுந்து ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, "படிங்க" என்றார்.

சித்திரை வெயில். கொஞ்ச நேரத்திலேயே இளவழுதியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பொறுக்க முடியாமல் எழுந்துபோய் ஒரு ஜன்னலைத் திறந்தார்.

"எதுக்குத் திறந்தீங்க?"

"காத்துக்கு."

"ஸ்பானிஷ்காரங்களும் அதுக்குத்தான் வெச்சாங்க. லத்தீன்ல வென்துஸ்னா காத்து. அதுலேருந்து வந்தது வென்தானா. இங்கிலீஷ்காரங்க வென்டிலேட்டரும் அதே வம்சம். விண்டோ வடக்கே நார்ஸ் பாஷையிலேருந்து வந்தது. காத்தோட கண்ணுன்னு அர்த்தம். தூரத்துப் பங்காளி."

"அப்போ நம்ம பழைய சொல் காலதர்? கால்னா காத்து, அதர்னா வழி. அதுவும் பங்காளிதானேம்மா?"

"ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

இளவழுதியின் முகம் தொங்கிப்போனது.

"இதை அவையில எப்படிச் சொல்றது?"

"நிமிர்ந்து நின்னு சொல்லுங்க."

மறுநாள் இளவழுதி கட்டுரையை வீட்டிலேயே போட்டுவிட்டு அவைக்குப் போனார். வென்தானாவின் வம்சத்தை வரிசையாகச் சொன்னார். காலதருக்கு அதில் இடமில்லை என்றதும் பின்வரிசையில் சிரிப்பு.

"உறவில்லன்னு சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்றார் ஒருவர்.

அந்த அவையில் கடைசிக் கேள்வி பேசுபவரின் சொந்த ஆசிரியருடையது. இரக்கம் காட்டக் கூடாது என்பது வழக்கம். சொக்கம்மை காட்டவில்லை.

"உறவே இல்லாத காலதர்லயும் அதே காத்துதான் இருக்கு. யாரைப் பார்த்து அந்தப் பேரை வெச்சோம்?"

இளவழுதிக்குப் பயம் போயிருந்தது.

"யாரையும் பார்த்து இல்லம்மா. நமக்கும் வேர்த்துச்சு."

முதலில் கைதட்டியது பின்வரிசைதான். பிறகு அவை முழுக்கத் தட்டியது. இளவழுதி ஆசிரியையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொக்கம்மை பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உட்காருங்க," என்றார்.