சி விசை வாயை மூடிக்கொண்ட கதை

இந்தக் கதையைத் தில்லைநாயகம் பதினெட்டு வருஷமாக நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் சொன்னவர் பக்கத்து நாற்காலி எஸ்தரக்கா. தாலுகா அலுவலகத்துக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டர் கடையில் இருவரும் மனு அடிக்கிறவர்கள். யாராவது கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து இரண்டு மூன்று தரம் அழுத்தினால் போதும், எஸ்தரக்கா ஆரம்பித்துவிடுவார்.

அந்தக் காலத்தில் கீபோர்டில் இருந்த விசைகளுக்கெல்லாம் வாய் இருந்ததாம். கன்ட்ரோல் மட்டும் மூலையில் சும்மா கிடந்தது. தனக்கென்று ஓர் எழுத்து இல்லாததால், யாராவது துணைக்கு வந்தால்தான் அதற்கு வேலை. எக்ஸ் வந்தால் இருவருமாக வெட்டுவார்கள். "வெட்டியாச்சு!" என்று எக்ஸ் கத்தும். வி வந்தால் ஒட்டுவார்கள். "ஒட்டியாச்சு!" என்று வி கத்தும்.

சி-தான் இருப்பதிலேயே பெரிய வாயாடி. நகல் எடுத்ததை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை ஒப்பித்துவிட்டுத்தான் ஓயும். அடிக்கிறவர்களுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. ஒரே விலாசத்தை நாலு மனுவில் நாலு தரம் அடிக்க வேண்டாம். எடுத்தோமா இல்லையா என்ற சந்தேகமும் கிடையாது.

ஒருநாள் தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் பவுனம்மா, மனு அடிக்கிற ஒரு கடைக்கு வந்தாள். கழிவறைக்குப் போனால்கூடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கும் சூப்பர்வைசர்மேல் புகார். மூன்று அதிகாரிகளுக்கு ஒரே மனு. கீழே ஆறு பெண்களின் பெயர்.

"போய்ச் சேர்றவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாதும்மா," என்றாள் அங்கே மனு அடிக்கிறவளிடம். "தெரிஞ்சா ஆறு பேருக்கும் வேலை போயிரும்."

"யாருக்குத் தெரியப் போகுது? நீங்க உக்காருங்க."

ஜெராக்ஸுக்காக பெஞ்சில் ஓர் ஆள் காத்திருந்தான். அவன் சூப்பர்வைசருக்கு மச்சான் என்பது பவுனம்மாவுக்கும் தெரியாது, அடிக்கிறவளுக்கும் தெரியாது.

ஒரு மனு முடிந்தது. மற்ற இரண்டுக்கும் நகல் எடுக்க வேண்டும். விரல் கன்ட்ரோல்மேல் பட்டதுமே அது சொன்னது: "அடேய் சி, இன்னைக்கு ஒருநாள் கம்முனு இரு. ஆள் உக்காந்திருக்கான்."

"கம்முனு எடுத்தா எடுத்தேன்னு யாருக்குடா தெரியும்? மூலையில கிடக்கிற உனக்கென்ன, பேர் கெடப்போறது எனக்கு!"

அடுத்த விரல் சி-யின்மேல் விழுந்தது. சி மனு முழுவதையும் உரக்க ஒப்பித்தது. சூப்பர்வைசர் பெயர், கடிகாரம், கழிவறை, கடைசியில் ஆறு பெண்களின் பெயரும் ஊரும். பெஞ்சிலிருந்த ஆள் ஜெராக்ஸை வாங்காமலே எழுந்து போனான்.

திங்கட்கிழமை ஆறு பேரையும் கம்பெனி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

பவுனம்மா திரும்பவும் கடைக்கு வந்தாள். சண்டை போடவில்லை. கீபோர்டைப் பார்த்தபடி கேட்டாள்: "இதுல எது கத்துச்சு?"

மற்ற விசைகளெல்லாம் சி-யைப் பார்த்தன. கடைசியில் சி-தான், "நான்தான்க்கா," என்றது.

"அஞ்சு பேர் என்னை நம்பிப் பேர் குடுத்தாளுங்க. அவளுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

சி, "இனிமேல் எடுப்பேன், சொல்ல மாட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. மற்ற விசைகளும் பயந்துபோய் மூடிக்கொண்டன.

அன்றிலிருந்துதான் கன்ட்ரோலோடு சி-யை அழுத்தினால் திரையில் ஒன்றுமே அசைவதில்லை. நகல் உள்ளே பத்திரமாக இருக்கும். வி-யை அழுத்துகிறபோதுதான் வெளியே வரும். மனிதர்களுக்குத்தான் நம்பிக்கை வராமல் இரண்டு தரம், மூன்று தரம் அழுத்துகிறார்கள்.

கதை இவ்வளவுதான். ஒவ்வொரு தரமும் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எஸ்தரக்கா சிரித்துத் தில்லைநாயகம் பார்த்ததில்லை.

தெருவில் மற்ற கடைகளில், அடித்த மனுவைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்கள். எஸ்தரக்கா படிக்க மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால், உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் படித்துக் காட்டுவார். அதைத் தில்லைநாயகம் பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறார். கேட்டுத்தான் தனக்கு என்ன ஆகப்போகிறது என்று அத்தனை வருஷமும் தன்னைத்தானே அடக்கிக்கொண்டார்.

போன வாரம், கடையில் வேறு யாரும் இல்லாத ஒரு மதியத்தில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுவிட்டார்:

"அக்கா, அன்னைக்கு அந்த ஆறு பேரோட பேரையும் வாய்விட்டுப் படிச்சது சி தானா?"